முப்பத்தொன்றாம் பெட்டியின் சீட்டு

பெட்டி எண் 31-இன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது:

"கூடு: தோணி காம்பஸ் பெட்டி, தேக்கு, முகப்பில் கண்ணாடி. காட்சி: பழைய துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் தோணி. கடல்: மாத்திரை அட்டையின் தகடு. பாய்: உப்பு மூட்டையின் உள்ளுறை. பாய்மரம்: ஊதுபத்திக் குச்சி. ஆட்கள்: ஐவர். முகங்கள் எடுத்த இடம்: நினைவு அட்டை நான்கு, பிற ஒன்று. ஐந்தாமவர் மறைந்த தேதி: 8 மார்ச் 2017, புதன். முடித்த நாள்: 2 அக்டோபர் 2022."

கையெழுத்து என்னுடையது. எழுதியபோது எங்கும் அடித்துத் திருத்தவில்லை. ஐந்தாமவர் என் அண்ணன். அவர் இறந்துவிட்டார் என்று அன்றைக்கு என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

நான் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு இழுத்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவதுதான் வேலை. மணமாகவில்லை. வீட்டின் மாடியில் நான், கீழே அண்ணன் குடும்பம். மாலை வேளைகளில் மற்றவர்கள் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனபோது நான் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். பழைய கெசட்டியர்களையும் பயணக் குறிப்புகளையும் தேடி வாசிப்பேன். அவற்றில் யாராவது எங்கள் கடற்கரையைப் பற்றித் தேதி தவறி எழுதியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் திருத்தி வைப்பேன். அப்படித் திருத்துவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் செய்தவற்றைப் பெட்டிக் காட்சி என்றுதான் எங்கள் தெருவில் சொல்வார்கள். ஓடாத சுவர்க் கடிகாரத்தின் கூடு, கப்பல் ஆட்கள் விட்டுப்போன பிஸ்கட் டப்பா, பாட்டு நின்றுபோன ரேடியோவின் மரப்பெட்டி என்று எது கிடைத்தாலும் அதற்குள் ஒரு சாண் அளவில் ஓர் இடத்தைக் கட்டுவேன். கொண்டை ஊசியை வளைத்தால் கிரேன். முத்துச்சிப்பியை உட்புறம் மேலே தெரியும்படி பதித்தால் கோயில் தரை. எக்ஸ்ரே படத்தை மெலிதாக வெட்டிச் சுருட்டினால் அலை. ஆட்களின் உடம்பு ஜவுளிக்கடை விளம்பரத் தாளிலிருந்தும் நாட்காட்டிகளிலிருந்தும் வரும். நான்காம் பெட்டியில் உப்பளம் கட்டியபோது அசல் உப்பையே குவித்து வைத்தேன். ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பு நீர் விட்டு, அளத்துப் பெண்களின் கால்கள் ஊறி நைந்து போயின. அதன் பிறகு ஜவ்வரிசியை நொறுக்கிப் போட்டேன். ஊரில் விளையும் பொருளை ஊரின் காட்சியில் வைக்க முடியாது என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

முகங்கள்தான் சிக்கல். தொடக்கத்தில் திருவிழாப் படங்களிலிருந்தும் குடும்ப விழாப் படங்களிலிருந்தும் வெட்டினேன். ஏழாம் பெட்டி மீன் ஏலக்கூடம். அதில் எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு பெண்ணின் முகத்தைப் பட்டுச்சேலை விளம்பரக்காரியின் கழுத்தில் ஒட்டியிருந்தேன். அவள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"என் தலய எவ ஒடம்புலய்யா ஒட்டிருக்கிய? இப்படி ஒரு இடுப்பு எனக்கு என்னைக்கு இருந்துச்சு?"

தெருவே சிரித்தது. அவள் கணவன் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் வந்து, "அத எடுத்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் பிளேடால் சுரண்டி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டேன். உயிரோடு இருப்பவர் முகத்தை வெட்டுவதில்லை.

இறந்தவர்களின் முகத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஒருவர் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கும் ஆண்டுப் பூசைக்கும் வீட்டார் நினைவு அட்டை அடித்துக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் புனிதர் சுரூபத்தின் படம், மறுபக்கம் இறந்தவரின் படம், பிறந்த தேதி, மறைந்த தேதி, ஒரு செபம். எல்லார் வீட்டுச் செபப் புத்தகமும் இந்த அட்டைகளால்தான் தடித்திருக்கும். குப்பையில் போட மனம் வராது. அதனால் என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார்கள். கட்டைவிரல் நகம் அளவு முகம். என் காட்சிக்கு அளந்து செய்தது போல இருக்கும். ஒரே ஒரு குறை. அவை பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள். அதனால் என் பெட்டிகளில் கயிறு இழுப்பவனும் மீன் நிறுப்பவளும் வலை உலர்த்துகிறவனும் செய்கிற வேலையைப் பார்ப்பதில்லை. எல்லாரும் நேராகப் பார்க்கிறவரையே பார்க்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் சங்கு குளித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் முதலில் வந்து பார்ப்பவர் அவர்தான்.

"வே, என்னய எந்தப் பெட்டில ஏத்தப் போறீரு?"

"நீங்க இருக்கிய, அண்ணாச்சி. இருக்கவங்கள ஏத்துறதில்ல."

"சரி சரி, கடியாரக் கூடு மட்டும் வேண்டாம். போன பெறவும் டைம் பாத்துட்டு இருக்க முடியாது."

அவரை இருபத்தாறாம் பெட்டியில் ஏற்றினேன். கடிகாரக் கூடு அல்ல, பிஸ்கட் டப்பா. அதற்குள் எங்கள் தெருவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. என்னைக் காட்டி, "இவரு பெட்டிக்குள்ள ஆளு போய்ட்டான்னா ஆளு போய்ட்டான்னு அர்த்தம்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. கோயில் பதிவேட்டுக்கு அடுத்து என் பெட்டிகள்தான் என்று ஒருமுறை நானே சொல்லியிருக்கிறேன். யாரிடம், எந்த நாளில் சொன்னேன் என்பது நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அதை இங்கே எடுத்து எழுத வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணியின் பொறுப்பு முழுவதும் அவர் தலையில். வெங்காயமும் செங்கலும் காய்கறியும் ஏற்றி மாலத்தீவுக்குப் போய்வருவார். ஜிபிஎஸ் வந்து சில ஆண்டுகள் கழித்து, பெட்டியோடு பழைய திசைகாட்டிக் காம்பஸைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

"இந்தா, ஒனக்குத்தான். உள்ள என்ன வேணா கட்டிக்க."

"காம்பஸு?"

"அதுவும் இருக்கட்டும். அந்த மிஷினு ஒருநாள் படுத்துதுன்னா வந்து கேப்பேன்."

அந்தப் பெட்டி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் சும்மா கிடந்தது. தேக்கு மரம், உள்ளே மண்ணெண்ணெய் விளக்கின் வாடை, முன்புறம் சிறு கண்ணாடி. மிக நல்ல கூடு. எதைக் கட்டுவது என்று தெரியாமலே வைத்திருந்தேன்.

2017 மார்ச்சில், சாம்பல் புதனுக்கு அடுத்த புதன்கிழமை காலையில், மாலத்தீவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த தோணியில் அண்ணனைக் காணவில்லை. முந்தைய நாள் மாலை செபமாலை சொல்லி முடித்துப் பின்பக்கம் போய்ப் படுத்தவர் விடிந்தபோது இல்லை. கடல் கொந்தளிப்பாக இருக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சுக்கான் பிடித்தவர் வந்த வழியே அரை நாள் திருப்பி ஓட்டித் தேடிவிட்டு, பிறகு தோணியைக் கரைக்குக் கொண்டு வந்தார்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். "காணவில்லை" என்று தலைப்பிட்டு நோட்டீஸ் அடித்தோம். கோடு போட்ட சட்டை, இடது புருவத்தில் தழும்பு, உயரம், வயது, தொடர்புக்கு அண்ணன் மனைவியான மதினியின் கைபேசி எண். வாசகம் நான் எழுதியது. பழைய துறைமுகத்திலும் பேருந்து நிலையத்திலும் ஒட்டினோம். கொழும்புக்கும் கொச்சிக்கும் போகிற ஆட்களிடம் கொடுத்தனுப்பினோம். மிச்சம் ஒரு கட்டு என் அலமாரியில், அந்தக் காம்பஸ் பெட்டிக்கு மேலே இருந்தது.

மதினி அழுதார், சாப்பிடாமல் கிடந்தார், ஒரு மாதம் கழித்து எழுந்து வேலைகளைப் பார்க்கத் தொடங்கினார். ஆனால் முப்பதாம் நாள் பூசைக்கு அவர் ஒப்பவில்லை. நினைவு அட்டை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "நீந்தத் தெரிஞ்ச ஆளு. கப்பல் போற வழி அது. ஏதோ ஒண்ணு ஏத்திருக்கும். எந்த ஊருல எறக்கிச்சோ" என்பார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, பயணம் போனவர் நல்லபடியாகத் திரும்பி வரும் கருத்துக்காகப் பூசை கேட்பார். கைபேசி எண்ணை மாற்றவில்லை. மகள் முத்தையாபுரத்தில் வீடு கட்டிக் கூப்பிட்டபோதும் போகவில்லை. அண்ணன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார். ரேஷன் அட்டை சரிபார்க்க வந்தவர் குடும்பத் தலைவரைக் கேட்டபோது, "வெளியூர் போயிருக்காவ" என்று மதினி பதில் சொன்னது மாடியில் இருந்த எனக்குக் கேட்டது.

அந்தப் பதில் எனக்கு எரிச்சல் மூட்டியது. இதை எழுத இத்தனை நாள் தயங்கியதற்குக் காரணமே இந்த ஒரு வரிதான். எனக்கும் அண்ணன் வேண்டும். ஆனால் முடிவு தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு வாழ என்னால் முடியவில்லை, மதினியால் முடிந்தது. அவர் அதை வருத்தத்தோடும் ஒழுங்கோடும் செய்தார். தண்ணீர் பிடித்தார், வந்துபோகும் பேத்திக்குச் சடை பின்னினார், மாதம் ஒருமுறை பூசை கேட்டார். மாடியில் நானோ, நிரம்பாத ஒரு கட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

கட்டம் என்பது உண்மையிலேயே கட்டம்தான். இருபதாம் பெட்டி வரை சீட்டுகளைக் கையால் எழுதினேன். பிறகு அச்சகத்தில் கொடுத்து அச்சடித்துக்கொண்டேன். கூடு, காட்சி, ஆட்கள், முகங்கள் எடுத்த இடம், மறைந்த தேதி, முடித்த நாள். என் பெட்டிக்குள் வேறு வகை ஆட்கள் வரமாட்டார்கள் என்ற நினைப்பில் நானே வகுத்த கட்டங்கள் அவை.

2022-இல் எங்கள் பங்குத் திருவிழாவை ஒட்டிக் கோயில் மண்டபத்தில் என் பெட்டிகளை வைக்கக் கேட்டார்கள். முப்பது பெட்டிகள் இருந்தன. துறைமுகக் காட்சிகளின் வரிசையில் தோணி மட்டும் இல்லை. கூடு தயாராக இருந்தது. செப்டம்பரில் வேலையைத் தொடங்கினேன். காம்பஸ் உள்ளே இருந்தால் தோணிக்கு இடம் போதாது. பித்தளைக் கிண்ணத்தோடு அதைக் கழற்றிப் பழைய கப்பல் சாமான் கடையில் கொடுத்துவிட்டு, மாற்றாக இரண்டு சிறு விளக்குக் கண்ணாடிகள் வாங்கி வந்தேன். தோணி நன்றாக அமைந்தது. நான் கட்டியவற்றில் அதுவே சிறந்தது. நான்கு ஆட்களை நினைவு அட்டைகளிலிருந்து ஏற்றினேன். நால்வரும் தோணியில் போய்ப் பின்னாளில் கரையில் நோய்ப்பட்டு இறந்தவர்கள். தண்டல் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

அலமாரியைத் திறந்து நோட்டீஸ் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். கழுத்துவரை வெட்டினால் மற்றவர்களைவிட முகம் சிறியதாகத் தெரிந்தது. அதனால் கோடு போட்ட சட்டையின் காலரோடு சேர்த்து வெட்டினேன். கத்தரிக்கோல் "காணவில்லை" என்ற சொல்லின் கீழ் விளிம்பை ஒட்டிப் போனது. பிறகு சீட்டை எடுத்தேன். மறைந்த தேதிக் கட்டத்தில் தேதியை எழுதினேன். முகம் எடுத்த இடத்தில் நோட்டீஸ் என்று எழுதியிருக்கலாம். "பிற ஒன்று" என்று எழுதினேன். எழுதுகிறவன் ஒளிக்கும்போது எப்படி எழுதுவான் என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் பட்டியல்களில் அதைக் கண்டுபிடித்ததுதான் என் பிழைப்பு.

என் வேலையில் ஒரு முறை உண்டு. பட்டியலில் நூறு மூட்டை என்று இருந்து தொண்ணூற்றொன்பது இறங்கினால், ஒன்று தொலைந்தது என்று டேலி கிளார்க் எழுதக் கூடாது. குறைந்து இறங்கியது என்றுதான் எழுத வேண்டும். அந்த மூட்டை கப்பலின் வேறு அறையில் கிடக்கலாம். அடுத்த துறைமுகத்தில் தவறி இறங்கியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்து வேறு கப்பலில் வந்து சேர்ந்தவற்றை நானே எண்ணி வாங்கியிருக்கிறேன். தொலைந்தது என்று சொல்லும் உரிமை எண்ணுகிறவனுக்குக் கிடையாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித் தருவார்கள். யாரோ ஒருவரின் சிமெண்டு மூட்டைக்கு நான் காட்டிய இந்த நேர்மையை என் அண்ணனுக்குக் காட்டவில்லை.

அக்டோபர் 16, ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். மதினி மகளோடும் பேத்தியோடும் வந்தார். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்து, தெரிந்த முகங்களைப் பேத்திக்குக் காட்டிக்கொண்டே வந்தார். "இது நம்ம பக்கத்து வீட்டுத் தாத்தா. இது மணிக்கூண்டு." துறைமுகக் காட்சிகளுக்கு நடுவில் வைத்திருந்த முப்பத்தொன்றுக்கு வந்தார். நான் வாசலருகே நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய் மறைத்திருக்கலாம். நான் போகவில்லை. அவர் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்தேன் என்று இப்போது எண்ணுகிறேன். என்னால் வாயால் சொல்ல முடியாததைப் பெட்டி சொல்லட்டும் என்று விட்டேன்.

மதினி வெகுநேரம் நிமிரவில்லை. பேத்தி கையை இழுத்தபோதும் நிமிரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது நோட்டீஸ்ல உள்ள படம்லா?"

"ஆமா மதினி."

"தேடுறதுக்குன்னு அடிச்ச நோட்டீஸு."

நான் கண்ணாடியில் படிந்திருந்த விரல் தடத்தைத் துடைத்தேன்.

"செத்தவங்கள மட்டுந்தான வைப்பிய. ஊருக்கே சொல்லி வச்சிருக்கியளே."

"தோணின்னா அண்ணன் இல்லாம எப்படி, மதினி. அதான்."

"அதுக்கு?" என்றார். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நா இன்னும் சொல்லலயே தம்பி" என்றார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்த ஐந்து பெட்டிகளை அவர் பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் நான் பெட்டியை எடுத்து மூடியிருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு நாளில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். திங்கள் காலையில் கீழே யாரோ ஒரு பெண் வந்து மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது மாடிக்குக் கேட்டது. மதினி அழவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்றைய பூசையில் அன்பியம் வாரியாக, அதாவது தெருக்குழு வாரியாக, இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். எங்கள் அன்பியத்தின் பட்டியலை எழுதிக் கொடுப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. பெயர்கள் வரிசையாக வந்தன. சங்கு குளித்த பெரியவரின் பெயர் வந்தது. அதற்கு இரண்டு பெயர் தள்ளி என் அண்ணனின் பெயர் வந்தது. மதினி பெண்கள் பக்கம் நான்காம் வரிசையில் இருந்தார். எழுந்து, ஓரமாக, எவர் காலையும் மிதிக்காமல் நடந்து வெளியே போனார். முக்காடு நழுவவில்லை.

பூசை முடிந்ததும் ஆசிரியையிடம் போனேன்.

"யார் குடுத்தா இந்தப் பேர?"

"யாரும் குடுக்கல சார். ஒங்க பெட்டில பாத்தேன். தூக்கிப் பாத்தா அடில தேதியும் போட்டிருந்துச்சு. வீட்ல முடிவு பண்ணிட்டிய போலன்னு நெனச்சேன்."

"வீட்ல கேட்டிருக்கலாம்லா."

அவர் முகம் வாடியது. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாங்க சார்" என்றார்.

எந்தப் பழைய நூலில் எந்தத் தவறு எப்படி நுழைந்தது என்று துருவித் துருவிக் குறித்து வைத்தவன் நான். ஒருவர் ஊகத்தை எழுதுகிறார், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார், மூன்றாம் ஆள் கையில் அது வரலாறு. இரண்டே படிகள். பதினேழு நாட்கள்.

அன்று மாலை மதினி மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். மேலே வரவில்லை.

"தம்பி, பேர வாசிச்சது எல்லாருக்கும் கேட்டுச்சு. அது தப்புன்னும் வாசிக்கச் சொல்லணும். அதே எடத்துல, அதே மைக்குல."

"சாமியார்ட்ட பேசுதேன் மதினி."

"வேற ஒண்ணும் கேக்கல நா."

அடுத்த நாளே போனேன். பங்குத் தந்தை பொறுமையாகக் கேட்டார். இறந்தவர் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்குவதாகப் பூசையில் அறிவிக்கும் வழக்கம் இல்லை என்றார். அறிவித்தால் ஊர் இன்னும் அதிகம் பேசும், அந்த அம்மாவுக்குத்தான் சங்கடம், அடுத்த ஆண்டு பெயரைச் சேர்க்காமல் விட்டுவிடலாம் என்றார். யாருக்காகச் செபித்தாலும் அது வீணாகாது என்றும் ஆறுதலாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். என் தவறு, நானே எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்கிறேன் என்று கேட்டிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. தப்பாக எழுதினான் என்று ஊர் என்னைச் சொல்லுமே என்ற நினைப்புதான் வாயைக் கட்டியது. மதினிக்குச் சங்கடம் என்ற சாக்கு கையில் வசதியாக இருந்தது.

மதினியிடம் வந்து சொன்னேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் வாசிக்க மாட்டாங்க, சரி. இந்த வருசம் வாசிச்சத என்ன செய்யிறது?" என்றார்.

சீட்டையாவது திருத்தலாம் என்று முயன்றேன். பதிவேடுகளில் தவறை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். அப்படித்தான் பழகியிருக்கிறேன். மறைந்த தேதியை அடித்துக் கையெழுத்திட்டேன். அண்ணனின் உருவத்தையும் எடுத்துவிடப் பார்த்தேன். நீராவி காட்டிப் பிளேடால் நெம்பினேன். இடுப்புக்கு மேலே முழுதாக வந்தது. கால்கள் ஜவுளிக்கடைத் தாளின் வேட்டியோடு தோணியின் தளத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அந்தப் பாதி உருவத்தை ஓர் உறையில் போட்டு, பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அதைச் செய்யும்போது ஒரு நல்ல காரியம் செய்வதாகவே எண்ணியிருந்தேன்.

மதினி பெட்டியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தார்.

"அடிச்ச பெறவும் தெரியுதே."

"அதான் முறை மதினி. என்ன எழுதுனோம், என்ன திருத்துனோம்னு தெரியணும்."

"யாருக்குத் தெரியணும்?"

பெட்டியை நிமிர்த்தினார். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். நான்கு ஆட்கள் அவரைப் பார்த்தார்கள். ஐந்தாவது இடத்தில் இரண்டு கால்கள். பெட்டியின் ஓரத்தில், கிண்ணம் பொருந்தியிருந்த திருகாணித் துளைகளை விரலால் தடவினார்.

"காம்பஸ் எங்க?"

கடையில் கொடுத்ததைச் சொன்னேன்.

"மிஷினு படுத்துதுன்னா வந்து கேப்பேன்னு ஒங்ககிட்டத்தான குடுத்துட்டுப் போனாவ. அவுக வந்து, எங்கடே என் காம்பஸுன்னு கேட்டா என்ன சொல்லுவிய?"

கடைக்குப் போனேன். அது அப்போதே வெளியூர் ஆள் ஒருவரிடம் போய்விட்டது. எந்த ஊர் என்று கடைக்காரருக்கு நினைவில்லை. ஏதோ ஓட்டல் அலங்காரத்துக்கு என்றார். என் நோட்டுப் புத்தகத்தில் அதைக் கொடுத்த தேதி, நேரம், மாற்றாக வாங்கிய கண்ணாடிகளின் குறுக்களவு எல்லாம் இருக்கின்றன.

அன்றிலிருந்து மதினி என்னோடு பேசுவதில்லை. சண்டை இல்லை. தண்ணீர் வரும் நாளில் என் குடத்தையும் பிடித்துப் படியில் வைக்கிறார். நான் குடத்தை எடுக்க இறங்கும்போது உள்ளே போய்விடுகிறார். கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் பேத்தியின் கையில் வருகிறது. மாதம் ஒருமுறை பூசை கேட்பது நிற்கவில்லை. ஆனால் பயணம் போனவருக்காக என்று மைக்கில் வாசிக்கும்போது, இப்போது சிலர் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். முன்பு அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை அவர்களுக்குக் கொடுத்தது என் பெட்டி.

2024 மார்ச்சில் ஏழு ஆண்டுகள் நிறைந்தன. ஏழாண்டு எந்தச் செய்தியும் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு என்று அப்போது சிலர் மதினியிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் எந்த மனுவும் கொடுக்கவில்லை. நான் அந்த மாதம் தருவைகுளத்துக்குப் போய், அன்று சுக்கான் பிடித்தவரைப் பார்த்தேன். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. வீட்டு முன்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளில் அவரிடம் நான் நேரில் விவரம் கேட்டதே இல்லை என்பது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது.

"செபமால முடிச்சிட்டு ஒங்க அண்ணன் பின்னால போனாவ. அது ஏழாந்தேதி, விளக்கு வச்ச நேரம். பெறகு யாரும் பாக்கல. விடிஞ்சு நா எழுப்பப் போனா ஆளு இல்ல."

"அப்ப எட்டாந்தேதின்னு எப்படி?"

"நாங்க தேடுனது எட்டாந்தேதி. ஏழா எட்டான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான அப்படி எழுதிருக்கிய."

திரும்பி வந்து புதிதாக ஒரு சீட்டு எழுதினேன். அச்சடித்த சீட்டைத் தொடாமல் வெள்ளைத் தாளில் எழுதி, பழைய சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மதினி அதை இன்னும் பார்க்கவில்லை. காட்டும் தைரியம் எனக்கு வரவில்லை. அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஐந்தாமவர்: வந்து சேரவில்லை. கடைசியாகப் பார்த்தது 7 மார்ச் 2017, செவ்வாய், மாலை. பார்த்தவர் சொன்னது. எட்டாம் தேதி என்று முன்பு எழுதியது தேடிய நாள். இறந்தது உறுதி செய்யப்படவில்லை."